எடை குறைப்பில் தயிருக்கு இடம் உண்டா? எந்தத் தயிர், எவ்வளவு?

காலைநடை:
எடை குறைக்க ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று வரம்பு வைத்திருக்கிறேன். அதில் தயிர் இரண்டு வேளை வருகிறது. காலையில் பழச்சுவைத் தயிர் 170 கிராம் கப் ஒன்று, அதன்மேல் 40 கிராம் கிரானோலா (இனிப்பு சேர்த்து வறுத்த ஓட்ஸ் கலவை), ஒரு டேபிள்ஸ்பூன் தேன். இரவில் முழுக்கொழுப்புப் பாலில் உறைந்த தயிர் 250 கிராம், இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோடு. மூன்று வாரமாக எடை அசையவில்லை. தயிரை நிறுத்திவிடலாமா, இல்லை கொழுப்பு குறைந்த தயிருக்கு மாறினால் போதுமா? இரவில் தயிர் சாப்பிட்டால் எடை ஏறும் என்கிறார்களே, உண்மையா? கிரீக் யோகர்ட் என்று விற்பது நிஜமாகவே வேறா?

தராசுமுள்:
நிறுத்த வேண்டியது தயிரை அல்ல, அதன் தலையில் கொட்டுவதை. உங்கள் காலைக் கிண்ணத்தைக் கூட்டிப் பாருங்கள். பழச்சுவைத் தயிர் 100 கிராமுக்குச் சுமார் 100 கலோரி, ஆக கப்புக்கு 170. கிரானோலா 40 கிராம் 190-ஐ ஒட்டி வரும். தேன் ஒரு டேபிள்ஸ்பூன் 21 கிராம், 64 கலோரி. மொத்தம் 425 போல. இவ்வளவுக்கும் கிடைக்கும் புரதம் 11 கிராம்தான். இரவுக் கிண்ணத்தில் தயிருக்கு 150, சர்க்கரைக்கு 32. நாளின் 1500-இல் 600-க்கு மேல் இந்த இரண்டு கிண்ணத்திலேயே கரைகிறது.

சர்க்கரைக் கணக்கு இதைவிட மோசம். லேபிளில் ‘மொத்தச் சர்க்கரை’ என்று போட்டிருப்பதில் பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரையான லாக்டோஸும் சேர்ந்திருக்கும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே நிறுவனத்தின் வெறுந்தயிர் லேபிளை எடுத்து, 100 கிராமுக்கான எண்களைக் கழியுங்கள். வெறுந்தயிரில் 5 முதல் 7 கிராம் இருக்கும், பழச்சுவைத் தயிரில் 19 வரை போகும். வித்தியாசம் 12 கிராம் என்றால் உங்கள் கப்பில் 20 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன் சேர்த்த சர்க்கரை. தேனில் இன்னொரு 17 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்தபடி, சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், தேனும் அதில் அடக்கம். 1500 கலோரிக்கு அது 37.5 கிராம். கிரானோலாவில் உள்ளதைச் சேர்க்காமலே காலை உணவோடு வரம்பைத் தொட்டுவிட்டீர்கள்.

இதை இப்படி மாற்றிப் பாருங்கள்: கொழுப்பு நீக்கிய, வடிகட்டிய வெறுந்தயிர் 200 கிராம் (118 கலோரி, 20 கிராம் புரதம்), ஓட்ஸ் 20 கிராம், துண்டாக்கிய ஆப்பிள் 100 கிராம். மொத்தம் 245 கலோரி, புரதம் 23 கிராம். முந்தைய கிண்ணத்தைவிட 180 கலோரி குறைவு, புரதம் இரட்டிப்பு. ஓட்ஸை இரவே தயிரில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் ஊறி மெத்தென்று இருக்கும், தேன் தேடாது. புரதத்தைச் செரிக்கவே உடல் அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு வரை செலவிடுகிறது. கொழுப்புக்கு அது 3 விழுக்காட்டுக்குள். பசி அடங்கும் நேரமும் கூடும்.

இரவு விஷயம்: எடையைத் தீர்மானிப்பது நாளின் மொத்தம். எட்டு மணித் தயிருக்கும் காலைத் தயிருக்கும் கலோரி ஒன்றே. இரவு உணவு முடிந்தபிறகு ‘கூடவே ஒரு கிண்ணம்’ என்று வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அது எதையும் இடம்பெயர்க்காமல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று, கண்ணளவை நம்பாதீர்கள். டிஜிட்டல் தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு ஊற்றுங்கள். 150 கிராம் என்று நினைத்து எடுப்பது பலருக்கும் 250-ஐத் தாண்டும்.

உறைமோர்:
‘கொழுப்பு குறைந்தது’ என்ற சொல்லில் ஒரு வலை இருக்கிறது. முழுக்கொழுப்பு வெறுந்தயிர் 100 கிராமில் 61 கலோரி, 3.5 கிராம் புரதம். கடையில் வாங்கும் கொழுப்பு குறைந்த வெறுந்தயிரில் 63 கலோரி, 5.3 கிராம் புரதம் என்று வரும். கொழுப்பு பாதியாகியும் கலோரி இறங்கவில்லை. கொழுப்பை எடுத்தால் தயிர் நீர்த்துப்போகும் என்பதால் பால் திடப்பொருளைச் சேர்க்கிறார்கள், அதோடு லாக்டோஸும் ஏறுகிறது. புரதம் கூடுவது லாபம்தான், ஆனால் பாதிக் கலோரி என்று நினைத்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் கதை கெட்டது. முழுக்கொழுப்புத் தயிரே பிடிக்கும் என்றால் அளவைக் குறைத்துச் சாப்பிடலாம், பாவமில்லை.

கிரீக் யோகர்ட் என்பது வடிகட்டிய தயிர். தண்ணீரும் லாக்டோஸும் வெளியேறி, புரதம் செறிந்து நிற்கும். வாங்கும்போது பெயரைப் பார்க்க வேண்டாம், புரத எண்ணைப் பாருங்கள். 100 கிராமுக்கு 8 முதல் 10 வரை இருந்தால் சரி. 4-ஐ ஒட்டி இருந்து, பொருள் பட்டியலில் ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ தெரிந்தால் அது கெட்டிப்படுத்திய சாதாரணத் தயிர். முழுக்கொழுப்பில் வடிகட்டியது 100 கிராமுக்கு 97 கலோரி, இதையும் மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யலாம். கொழுப்பு நீக்கிய பால் ஒரு லிட்டரோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 30 கிராம் கரைத்து, 85 டிகிரி செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். இந்தச் சூட்டில்தான் பாலின் மற்றப் புரதங்கள் அவிழ்ந்து, அதன் முக்கியப் புரதமான கேசினோடு பிணைகின்றன. ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டால் தயிர் தளர்ந்து, தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். 43 டிகிரிக்கு ஆறியதும் உறை இரண்டு டேபிள்ஸ்பூன். 50-க்கு மேல் உறை ஊற்றினால் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும், பால் பாலாகவே நிற்கும். அதே சூட்டில் 5 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வைத்தால் உறையும். இது 100 கிராமுக்கு 44 கலோரி, 4.4 கிராம் புரதம்.

வடிகட்டுவது முழுக்க ஃபிரிட்ஜுக்குள் நடக்க வேண்டும், வெளியே வைத்தால் வடிவதற்குள் புளித்துவிடும். சல்லடைமேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, கீழே பாத்திரம், 4 முதல் 6 மணி நேரம். அவசரப்பட்டுத் துணியைப் பிழியாதீர்கள், கட்டித்தயிர் துணிவழியே வெளியேறி வடிநீர் வெள்ளையாகும், புரதம் அதோடு போகும். வடிநீர் இளமஞ்சளாகத் தெளிந்து இருக்க வேண்டும்.

கலோரி கணக்கிடும் செயலியில் பதிவு செய்யும்போது பலரும் தவறுவது இங்கேதான். பவுடர் சேர்க்காத சாதாரணத் தயிரை எடையில் பாதியாகும்வரை வடித்தால் புரதம் 6 அல்லது 6.5 கிராம்தான் வரும். 9-ஐத் தொட மூன்றில் ஒரு பங்காக வடிய வேண்டும். கடைப் பொருளின் 10-ஐ அப்படியே எழுதினால் கணக்கு பொய்த்துவிடும். வடித்தபின் எடை பாருங்கள்.

ஆய்வுமேசை:
‘தயிர் கொழுப்பைக் கரைக்கும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 1,20,877 அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. 4 ஆண்டுக்குச் சராசரி எடையேற்றம் சுமார் 1.5 கிலோ. தினமும் ஒரு பரிமாறல் தயிரைக் கூட்டியவர்களுக்கு அந்த ஏற்றம் 0.37 கிலோ குறைவு. 4 ஆண்டுக்கு 370 கிராம், அவ்வளவே. அதுவும் மக்களின் பழக்கங்களைக் கவனித்துக் குறித்துக்கொண்ட ஆய்வுதான், தயிர் கொடுத்துச் சோதித்தது அல்ல. தயிர் சாப்பிடுபவர்கள் மற்றப் பழக்கங்களிலும் வேறாக இருப்பார்கள், புள்ளியியலால் அதை முழுக்கப் பிரித்துவிட முடியாது. தயிரின் நுண்ணுயிர்கள் லாக்டோஸைச் செரிக்க உதவுகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு, பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். அவை எடையைக் குறைக்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம்.

காலைநடை:
நன்றி. கணக்கைப் பார்த்ததும் தேன் நின்றுவிட்டது. இரண்டு சந்தேகம். தைராய்டு மாத்திரை காலையில் எடுக்கிறேன், அதற்கும் தயிருக்கும் இடைவெளி வேண்டுமா? இரவுக் கிண்ணத்தை முழுக்க விட மனமில்லை, என்ன செய்யலாம்?

மருந்துச்சீட்டு:
வேண்டும். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினோடு கால்சியம் சேர்ந்தால் மருந்து உடலில் ஏறுவது குறையும். கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி என்பது பொது விதி. 200 கிராம் தயிரிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்துவிட்டு, தயிர்க் கிண்ணத்தை மதியத்துக்கோ மாலைக்கோ தள்ளுவது எளிது. காலையில் கால்சியம் குறைந்த வேறு உணவு இருக்கட்டும், அதுவும் மாத்திரைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. தயிரின் நேரத்தை மாற்றியதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தச் சோதனையில் அளவு மாறக்கூடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களிலும் தயிரோடு சேர்க்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தையும் பாஸ்பரஸையும் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

தராசுமுள்:
இரவுக் கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லாமல் 150 கிராம் முழுக்கொழுப்புத் தயிர், 92 கலோரி. வெள்ளரியைத் துருவிப் பிழிந்து, உப்பும் மிளகும் போட்டால் கிண்ணம் நிறையும். பிழியாமல் போட்டால் பத்து நிமிடத்தில் நீர்த்துவிடும். இதை உணவுக்குப் பின் வைக்காமல் உணவோடு வைத்து, தட்டில் வேறொன்றை அதே அளவு கலோரிக்குக் குறையுங்கள். தினமும் காலையில் எழுந்ததும் எடை பார்த்து வாரச் சராசரியை ஒப்பிடுங்கள், ஒரு நாள் உப்புக்கே ஒரு கிலோ ஏறி இறங்கும். இரண்டு வாரச் சராசரி அசையவில்லை என்றால் எண்களோடு இங்கேயே எழுதுங்கள், எண்ணெயிலிருந்து பார்ப்போம்.