அற்றைத் திங்களும் நான்கு கண்ணீரும்

தாம்பரத்தான்:
மயிலாப்பூரில் எங்கள் மாதாந்தரக் கூட்டத்தில், தந்தையை இழந்ததைப் பற்றி நான் எழுதிய கவிதையைப் படித்து முடித்ததும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தாளை வாங்கி, 'கண்ணீர்' வந்த நான்கு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டார். "புறநானூறு 112இல் எத்தனை கண்ணீர், சொல்லுங்கள் தம்பி" என்று கேட்டு, "அற்றைத் திங்கள்" என்று தொடங்கினார். நானோ, "அது இருவர் படத்துக் காதல் பாட்டல்லவா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை; ஐந்து அடிகளையும் என் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். தந்தையையும் குன்றையும் இழந்து அதைப் பாடிய பாரி மகளிர் அழுததாக அதில் ஒரு சொல்லும் கிடையாது. அற்றை இற்றையாகிறது, அதாவது அன்று இன்றாகிறது; 'எந்தையும் உடையேம்' (எம் தந்தை இருந்தார்) என்றது 'எந்தையும் இலமே' (எம் தந்தை இல்லை) என்று முடிகிறது, அவ்வளவுதான். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.

வடபழனி வாசி:
பாட்டால்தானே அந்தத் தொடர் உங்கள் காதில் முதலில் ஏறியது? அதற்காக ஏன் கூசுகிறீர்கள்? நண்பர் ஒருவர் 'தனதானா' என்று கொடுத்த மெட்டுக்கு நான் 'மழைக்காற்று' என்று எழுதிச் சென்றேன். கடைசி எழுத்தில் நீண்ட கார்வை இருந்ததால், பாடிய பெண் 'காற்றூஊஊ' என்று இழுத்துவிட்டு ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தார். சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளியில் ஒப்பித்தவன்தான் நான். 'மழை நீயா' என்று மாற்றிய பிறகே அவரால் பாட முடிந்தது.

பழைய வாசகன்:
குற்றியலுகரத்துக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. அது மெட்டின் சிக்கல், கவிதையின் சிக்கல் அன்று. நான் ஓர் இதழுக்கு அனுப்பிய கவிதை, ஓரத்தில் "எங்கே நிற்கிறீர்கள்?" என்ற ஒற்றைக் கேள்வியுடன் திரும்பி வந்தது. ஆகவே தாம்பரத்தாருக்குச் சொல்கிறேன்: குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள்தாம் என்பதால் நாளுக்கொன்றாகக் கையால் எழுதலாம். 40ஆம் பாட்டில் தொடங்குங்கள். மூன்று கேள்விகள் வரிசையாக வந்த பிறகு, செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற ஒரே உவமை வருகிறது. புலவரின் இயற்பெயர் மறைந்து, அந்த உவமையே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. உவமை வரும் அடியை மறைத்துவிட்டு, அங்கே உங்கள் தெருவிலிருந்து ஒன்றை வைத்துப் பாருங்கள். உரை வேண்டுமென்றால் உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பைப் பாருங்கள். பெசன்ட் நகரில் அவர் பெயரிலேயே நூலகம் இருக்கிறது.

தாம்பரத்தான்:
ஐயா, நான் வழி கேட்கவில்லை. நேற்று இரவு மூன்றாவது வட்டத்தை மட்டும் அடித்துப் பார்த்தேன். அந்த அடி அது இல்லாமலே நின்றது. மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன.