ஆபீஸ்ல ஃபார்மல்ஸ எடுத்துட்டு கேசுவல் கொண்டு வர்றோம், ரூல் எப்படி எழுதுறது?

பீளமேட்டுக்காரன்:

வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல பம்ப், மோட்டார் பண்ற ஒரு கம்பெனில எச்ஆர் பாக்குறேன். அக்கவுண்ட்ஸ், டிசைன், பர்ச்சேஸ்னு ஆபீஸ்ல இருக்கற எல்லாருக்கும் இத்தன வருஷமா ஒரே ரூல்தான், ஆம்பளைங்கன்னா இன் பண்ணின சட்டை பெல்ட் ஷூ, லேடீஸ்னா சேலை இல்லாட்டி துப்பட்டாவோட சுடிதார். இப்ப ஓனரோட பையன் பொறுப்புக்கு வந்ததும் இனிமே கேசுவல் போதும், ஒரு பக்கத்துக்குள்ள ரூல் எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டாருங்க. பெரியவருக்கு இதுல இஷ்டம் இல்ல, கஸ்டமர் வந்தா என்ன நினைப்பான்னு கேக்குறாரு.

ஷாப் ஃப்ளோர்ல எதுவும் மாறாது, லேத் பக்கத்துல லூஸ் துணி ஆகவே ஆகாது, யூனிஃபார்மும் சேஃப்டி ஷூவும் அப்படியேதான். எனக்கு இடிக்கறது ஆபீஸ்தான். ஜீன்ஸ் சரி, காலர் இல்லாத டி-ஷர்ட் விடலாமா? செருப்பு? டிசைன்ல ஒருத்தர் வேட்டி கட்டிட்டு வரலாமான்னு கேட்டுட்டாரு. அப்புறம் டீலர் கடை கடையா பைக்ல போற சேல்ஸ் பசங்க டை கட்டிட்டுத்தான் போறாங்க, அவங்களுக்கு என்ன எழுதறது? மத்த கம்பெனில நடந்தத சொல்லுங்க.

ஓஎம்ஆர் பழசு:

நான் ஐடிக்கு வந்த காலத்துல வியாழக்கிழமை வரைக்கும் ஃபார்மல்ஸ், வெள்ளிக்கிழமை மட்டும் ஜீன்ஸ். பெரிய கம்பெனிங்க எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு, இன்ஃபோசிஸே 2015 ஜூன்லதான் எல்லா நாளும் கேசுவல்னு மாத்துனாங்க. அதுக்கப்புறம் கொரோனா வந்து வீட்ல உக்காந்து வேலை பாத்த பிறகு ஃபார்மல்ஸ்ங்கற பேச்சே எங்க பக்கம் எழுந்திருக்கல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. வெள்ளிக்கிழமை கேசுவல் பழக்கம் ஹவாய்ல 1966 வாக்குல பூப்போட்ட அலோஹா சட்டைய ஆபீசுக்கு போட்டுட்டு வரலாம்னு ஆரம்பிச்சது, அதுக்குப் பின்னாடி நின்னது அந்த ஊர் துணி வியாபாரிங்க. அமெரிக்கா முழுக்க பரவுனதுக்கும் அப்படி ஒரு கை இருக்கு, 1992ல லீவைஸ்காரங்க அவங்க டாக்கர்ஸ் பேண்ட்ட விக்கறதுக்காக கேசுவல்னா எப்படி இருக்கணும்னு ஒரு கைடு அச்சடிச்சு 25,000 எச்ஆர் ஆளுங்களுக்கு அனுப்புனாங்க. அதாவது ரூல் எழுதுனதே பேண்ட் விக்கறவன். அதனாலதான் சொல்றேன், ஸ்மார்ட் கேசுவல், பிசினஸ் கேசுவல்னு பேர் வச்சு எழுதாதீங்க, எழுதுனா சம்பளம் கம்மியா வாங்கற பசங்க அதுக்குன்னு தனியா கடைக்குப் போகணும். ஃபார்மல்ஸ்னா ரெண்டு பேண்ட் நாலு சட்டைய மாத்தி மாத்திப் போட்டு வருஷத்த ஓட்டிரலாம், யாரும் கவனிக்க மாட்டாங்க, கேசுவல்ல என்ன பிராண்டுன்னு பக்கத்து சீட்டுக்காரன் பாப்பான். வீட்ல இருக்கற எந்த நல்ல துணியும் ஓகேன்னு எழுதுங்க.

இன்னொன்னு, ரூல செக்யூரிட்டி கையில குடுத்துராதீங்க. கேட்ல நிக்கற அண்ணன்தான் ரவுண்ட் நெக் போட்டவன நிறுத்தணும், நிறுத்துனா மேனேஜர் திட்டுவாரு, விட்டா அட்மின் திட்டும், பாவம் அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

தேனிப் பொண்ணு:

எல்லா கம்பெனி ரூலையும் எடுத்துப் பாருங்க, ஆம்பளைங்களுக்கு ஒரு வரி, எங்களுக்கு ஒரு பக்கம். கை எவ்ளோ நீளம், கழுத்து எவ்ளோ இறக்கம், லெக்கிங்ஸ் மேல போடற குர்தி முட்டிக்குக் கீழயா மேலயா, இப்படியே போகும். நம்ம தலைமைச் செயலகத்துக்கு 2019ல வந்த உத்தரவுலயும் அதேதான், ஆண்களுக்கு சட்டையோட ஃபார்மல் பேண்ட் இல்லாட்டி வேட்டி, பெண்களுக்கு சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோட சுடிதார். துப்பட்டாவ மறக்காம எழுதுனாங்க.

அந்தத் துப்பட்டாவ எடுத்துருங்கன்னு சொல்றேன். ஸ்கூட்டில வர்றப்ப சக்கரத்துல மாட்டாம இருக்க இடுப்பச் சுத்தி முடிச்சுப் போடணும், ஆபீஸ் வந்ததும் அவுத்து ரெண்டு தோள்லயும் பின் குத்தணும், சாயங்காலத்துக்குள்ள பின் குத்துன இடத்துல சுடிதார் ஓட்டையாகும். நீங்க பம்ப் கம்பெனி, டிசைன்ல இருக்கற பொண்ணு ஃப்ளோருக்கு இறங்கிப் போகாமலா இருப்பா? லூஸ் துணி ஆகாதுன்னு நீங்களே எழுதிட்டு அவளுக்கு மட்டும் துப்பட்டாவ கட்டாயம் பண்ணாதீங்க. வேணுங்கறவங்க போட்டுக்கட்டும். டீசன்ட்டா வரணும்னு மொட்டையா ஒரு வரி போட்டு முடிச்சிராதீங்க ப்ளீஸ், அத வச்சுத்தான் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தனக்குத் தோணுனத பேசுவாரு.

மருந்து பேக் மதுர:

சேல்ஸ் பசங்களப் பத்தி கேட்டிருக்கீங்க, அதுக்கு நான் பதில் சொல்றேன், நான் மெடிக்கல் ரெப். மே மாச மதுரை வெயில்ல பைக்ல போயி, கிளினிக் வாசல்ல நிறுத்திட்டு, பேக்லருந்து டைய எடுத்து பைக் கண்ணாடில பாத்து மாட்டுவோம். அதுக்குள்ள சட்டை முதுகோட ஒட்டிரும், காலர் உள்பக்கம் கருத்து அரிக்கும், ஷூவுக்குள்ள சாக்ஸ் நனைஞ்சு கெடக்கும். பேஷண்ட் எல்லாம் போற வரைக்கும் அப்படியே நிக்கணும். உள்ள டாக்டர் அரைக்கை சட்டையோட உக்காந்திருப்பாரு, அவரு ஒரு நாளும் என் டையப் பாத்து மருந்து எழுதுனதில்ல, மருந்து கேட்குமா, ஸ்டாக் இருக்கா, விலை என்ன, இதத்தான் கேப்பாரு.

நீங்க எல்லாம் பேசற கேசுவல் ஏசில உக்காந்திருக்கறவங்களுக்கு வந்திருச்சு, ரோட்ல அலையிறவனுக்கு இன்னும் வரல. பேங்க் லோன் பசங்க, இன்சூரன்ஸ் பசங்க எல்லாரையும் பாருங்க, கழுத்த இறுக்கிக்கிட்டு வெயில்ல நிக்கறாங்க. ஜப்பான்ல 2005லயே கவர்மெண்டு ஏசிய 28ல வைங்க, கோட்டு டை வேணாம்னு சொல்லுச்சு. பங்களாதேஷ்ல 2009ல கரண்ட மிச்சம் பிடிக்க அரசு ஊழியருங்க கோடைல கோட்டு சூட்டு டை போடக் கூடாதுன்னே ஆர்டர் போட்டாங்க. கையெடுத்துக் கேக்குறேன் சார், ரூல்ல மொத வரியா சேல்ஸ் ஆளுங்களுக்கு டை கெடையாதுன்னு எழுதுங்க, மத்தத அப்புறம் எழுதிக்கலாம்.

செங்கல்பட்டு வக்கீல்:

வேட்டி பத்தி மட்டும். 2014ல சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்புல வேட்டி கட்டிட்டு வந்த ஹைகோர்ட் நீதிபதியையே உள்ள விடல, அந்த வருஷமே சட்டசபைல இதுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு. அது பொது இடத்துக்குள்ள நுழையறது சம்பந்தப்பட்டது, ஆபீஸ் டிரஸ் கோடுக்கு நேரா பொருந்தாது. ஆனா செக்ரட்டேரியட்லயே வேட்டி செல்லும்னு இருக்கறப்ப உங்க டிசைன் ஆபீஸ்ல தடுக்க ஒரு காரணமும் இல்ல, ஃப்ளோருக்குப் போற அன்னைக்கு மட்டும் பேண்ட்னு சொல்லிருங்க.

ரிட்டயர்டு கேஷியர்:

தம்பி, எல்லாரும் ஒரு பக்கமா பேசறீங்க, நான் மறுபக்கம் சொல்றேன். எங்க வீட்ல பேனா பிடிச்ச மொத ஆளு நான். எங்கப்பா மேல்சட்டை இல்லாம காட்டு வேலைக்குப் போனவரு, பெரிய வீட்டு வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். நான் இஸ்திரி போட்ட சட்டைய இன் பண்ணி ஷூ போட்டு பேங்குக்குப் போனப்பதான் அதே வீட்டு ஆளுங்க கவுண்டர் முன்னாடி நின்னு சார்னு கூப்பிட்டாங்க. அம்பேத்கர் சிலைய எந்த ஊர்ல பாத்தாலும் நீலக் கோட்டும் டையுமாத்தான் நிப்பாரு, அது சும்மா இல்ல தம்பி.

முதலாளி பையன் டி-ஷர்ட்ல வந்தாலும் முதலாளி பையன்தான், ஊருக்கே தெரியும். கிராமத்துலருந்து புதுசா சேந்த பையன் அதே டி-ஷர்ட்ல வராண்டால நின்னா வர்ற கஸ்டமர் அவனப் பாத்து ஒரு டீ கொண்டான்னு சொல்லுவான். வேணுங்கறவன் ஃபார்மல்ஸ்ல வரட்டும், வர்றவன என்னடா இன்டர்வியூவான்னு யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, அதையும் எழுது.

பீளமேட்டுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கேஷியர் ஐயா சொன்ன கோணத்துல நான் யோசிக்கவே இல்லீங்க, அத அப்படியே பெரியவர்கிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசுனாரு, அவரும் ஃபவுண்டரி வேலைல ஆரம்பிச்சவருதான்.

டை இந்த வாரமே போயிருச்சு, சேல்ஸ் பசங்களுக்கு கம்பெனி செலவுல காட்டன் சட்டை அரைக்கைல தைச்சுக் குடுக்கறதா சின்னவரு ஒத்துக்கிட்டாரு. துப்பட்டா கட்டாயம் இல்ல, வேட்டி ஓகே, ஃபார்மல்ஸ்ல வர்றதும் ஓகே. ஆம்பளைங்களுக்கும் லேடீசுக்கும் ஒரே வரிதான் எழுதிருக்கேன், கிழியாத, துவைச்ச, ஃப்ளோருக்கு இறங்குனா மிஷின்ல மாட்டாத துணி. காலர் இல்லாத டி-ஷர்ட்ல மட்டும் பெரியவரு இறங்கி வர மாட்டேங்கறாரு, ஆடிட் வர்ற நாள் தவிர போடலாம்னு கேட்டுப் பாக்குறேன். செருப்பு பத்தி யாருமே சொல்லலீங்களே, ஃப்ளோர் வழியா நடந்துதான் ஆபீசுக்கு வரணும், இரும்புத் தூள் கெடக்கும், வாசல்ல ஷூ வச்சு மாத்திக்கற மாதிரி யாராவது பண்ணிருக்கீங்களா?