வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் சைக்கிளில் போக முடியுமா?

வேளச்சேரிவாசி:

வணக்கம். வேளச்சேரி விஜயநகருக்கு அருகில் குடியிருக்கிறேன். அலுவலகம் சோழிங்கநல்லூரில் இருக்கிறது. தரமணி இணைப்புச் சாலை வழியாக எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்பை அடைந்து, பழைய மாமல்லபுரம் சாலையில் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம் என்று தெற்கே இறங்கினால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வருகிறது. இதுவரை மோட்டார் சைக்கிளில்தான் போய் வந்தேன். மெட்ரோ பணிக்காகச் சாலையின் நடுவே தடுப்புகள் வைத்த பிறகு, இந்தத் தூரத்துக்கே காலையில் 50 நிமிடம் ஆகிறது. ஒரு நாள் துரைப்பாக்கம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, சீருடை அணிந்த காவலாளி ஒருவர் பழைய சைக்கிளில் என்னைக் கடந்து போனார். காரப்பாக்கம் வரை அவரை என்னால் பிடிக்க முடியவில்லை. அன்றுதான் இந்த எண்ணம் தோன்றியது.

எனக்கு வயது 41. பள்ளி நாள்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. இடது முழங்காலில் அவ்வப்போது வலி உண்டு. வியர்வையில் நனைந்த சட்டையோடு கூட்டத்தில் போய் உட்கார முடியுமா, எந்த வகை வண்டி வாங்குவது என்பதெல்லாம் ஒருபுறம் இருக்க, தண்ணீர் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் சைக்கிளா என்று கேட்கும் என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. உண்மையிலேயே தினமும் போய் வருபவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய பெடல்:

நண்பரே, நான் இதே சாலையில் ஒன்பது ஆண்டுகளாகப் போய் வருகிறேன். உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. அதை மறுத்துப் பேசாமல், அதற்கு ஏற்றபடி ஓட்டும் முறையை அமைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். காலை 6.30 மணிக்குப் புறப்படுபவர் பார்க்கும் சாலையும் 8.45-க்குப் புறப்படுபவர் பார்க்கும் சாலையும் ஒன்றல்ல. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் உங்களுக்கு 50 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். சிக்னல்களையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 7.30-க்கு அலுவலகத்தில் இருந்தால் வெயிலும் பெரிதாக ஏறியிருக்காது, வியர்வை அடங்குவதற்கும் நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, சாலையில் நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பது. புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் ஓரத்தை ஒட்டியே போவார்கள். அங்கேதான் மணல், உடைந்த சாக்கடை மூடி, எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள் எல்லாம் இருக்கும். தவிரவும், ஓரத்தில் ஒண்டிப் போனால் பின்னால் வருபவர் அதே தடத்தில் நம்மை உரசிக்கொண்டு முந்தலாம் என்று நினைத்துவிடுகிறார். ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி, வளைந்து நெளியாமல் ஒரே கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களைத் தாண்டும்போதும் அந்த இடைவெளி வேண்டும்; கதவைத் திறப்பவர் பின்னால் பார்ப்பதில்லை.

நின்றுகொண்டிருக்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே எந்தக் காரணத்துக்காகவும் நுழையாதீர்கள். லாரியின் இடப்புறமும் அப்படித்தான். ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருப்பதால், முன்சக்கரத்தை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் சைக்கிளை அவரால் பார்க்கவே முடியாது. அவர் இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் நாம் இருக்கும் இடத்தை அறுத்துக்கொண்டு வரும். வலப்புறம் திரும்ப வேண்டிய பெரிய சந்திப்புகளில் வீரம் காட்ட வேண்டியதில்லை. இறங்கி, தள்ளிக்கொண்டு, நடந்து போகிறவர்களோடு கடந்துவிடுங்கள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நான் அதைத்தான் செய்கிறேன்.

காலைப்பயணி:

ஓட்டும் முறையைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சைக்கிளைக் கைவிடுவது சாலையினால் அன்று, அலுவலக வாசலில் நடப்பவற்றால்தான்.

நான் அடையாறிலிருந்து கிண்டிக்குச் சுடிதாரில் போகிறேன். முதுகில் பை மாட்டினால் முதுகு முழுக்க நனைந்துவிடும். ஆகவே பின் கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பைக்கு மாறுங்கள். வியர்வைச் சிக்கலில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். திங்கட்கிழமை மட்டும் பேருந்தில் போய், அந்த வாரத்துக்கான உடைகளை மேசை அலமாரியில் வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை அழுக்குத் துணிகளோடு பேருந்தில் திரும்பினால் சைக்கிள் அலுவலகத்திலேயே தங்கிவிடும் என்பதை முதல் வாரத்தில்தான் உணர்ந்தேன். இப்போது அவற்றை அன்றன்றே பக்கப்பையில் கொண்டுவந்துவிடுகிறேன். போய்ச் சேர்ந்ததும் உடனே உடை மாற்றாதீர்கள், மாற்றியதும் மீண்டும் வியர்க்கும். பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு, அதன் பிறகு மாற்றுங்கள். துப்பட்டா, தளர்ந்த பேன்ட் விளிம்பு, காலணிக் கயிறு மூன்றும் செயினில் சிக்குபவை. இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் வாசலில் என்னை நிறுத்தி, பொருள் கொண்டுவருபவர்கள் பின்வாசலுக்குப் போக வேண்டும் என்றார்கள். அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் சைக்கிளுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் தளத்தில் ஒரு சைக்கிளுக்கு இடமில்லை! மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பிய பிறகு ஒரு தூணைச் சுட்டிக்காட்டினார்கள். அதனால் வண்டி வாங்குவதற்கு முன்பே இடம் கேட்டு எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்போக்கு கம்பி:

வண்டியைப் பற்றி நான் சொல்லலாம். சென்னை சமதளம், மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. ஆயினும் முழங்கால் வலி இருப்பவருக்குக் கியர் உதவும், அதுவும் வேகத்துக்காக அல்ல. இலேசான கியரில் நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று வரை மிதித்தால் மூட்டில் அழுத்தம் குறையும். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பதுதான் வலியைக் கொண்டுவரும். சீட்டின் உயரமும் அப்படித்தான். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறத்தாழ நீண்டு, முழங்கால் மட்டும் சிறிது மடங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு மூட்டு வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள் வேண்டாம். குறைந்த விலையில் வரும் அந்த அமைப்பு எடையைக் கூட்டுமே தவிர வேறு பயன் தராது. பந்தயச் சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயர் நம் பள்ளங்களுக்குத் தாங்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வகையான, 35 முதல் 40 மில்லிமீட்டர் டயர் கொண்ட ஹைபிரிட் வண்டி உங்களுக்குப் பொருந்தும். மட்கார்டு இல்லாமல் விற்கிறார்கள், கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை காற்றடித்தால் பஞ்சர் பாதியாகக் குறையும்; காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டைகள் விழும். ஒரு மாற்று டியூப், டயர் நெம்பும் கரண்டி, கைப்பம்பு ஆகியவற்றை எப்போதும் உடன் வைத்திருங்கள். கடற்கரையை ஒட்டிய நகரம் என்பதால் செயின் விரைவில் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்ட பிறகு மேலே தங்கியதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மணல் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தை அரம்போலத் தேய்த்துவிடும்.

நிறுத்திவிட்டவன்:

எல்லோரும் உற்சாகப்படுத்துகிறீர்கள், நல்லது. நான் நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு நிறுத்தியவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நவம்பர் மாத மாலையில், விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வந்த இருசக்கர வாகனம் மோதிக் காறை எலும்பு முறிந்தது. என்மீது தவறில்லை என்பதால் எலும்பு சீக்கிரம் கூடிவிடவில்லை.

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் போக்குவரத்து நிதியில் பெரும்பங்கு என்று அது சொல்கிறது. தினமும் ஓட்டிய எனக்கு அந்த நான்கு ஆண்டுகளில், தடையின்றி இரண்டு கிலோமீட்டர் போகக்கூடிய தனித்தடம் ஒன்றுகூட என் வழியில் கிடைக்கவில்லை. தனித்தடம் இருக்கும் இடத்திலும் கார் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு செய்தியை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அன்று. உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் தேவையில்லை. ஆனால் மோட்டார் வாகனம் ஒன்று நம்மை மோதினால், அந்த வாகனத்தின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கோரி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக நமக்கு உரிமை உண்டு. அதற்குக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருப்பது பெரிதும் உதவும். நான் வலியோடு ஆட்டோவில் ஏறி மருத்துவமனைக்குப் போனேன், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

பழைய பெடல்:

நிறுத்திவிட்டவன் அவர்கள் சொல்வதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. நவம்பரில் மாலை 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. அலுவலகம் விட்டு வரும்போது இருட்டுத்தான். பின்னால் சிவப்பு விளக்கு நம்மைப் பின்தொடர்பவருக்கு, முன்னால் வெள்ளை விளக்கு எதிர்த்திசைக்காரருக்கு. முன்விளக்கு நாம் பார்ப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சாலையில் அது நம்மைக் காட்டுவதற்காக. ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காது, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் நான் ஒரே விதி வைத்திருக்கிறேன்: தரை தெரியாத தண்ணீரில் சக்கரத்தை விடுவதில்லை. அடியில் மூடி திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வண்டியை அலுவலகத்தில் பூட்டிவிட்டுப் பேருந்தில் வந்துவிடுவேன். ஈரத்தில், சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உடனே பிடிக்காது என்பதால் முன்கூட்டியே இலேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிட வேண்டும். மெட்ரோ பணியிடங்களில் பள்ளத்தின்மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் நனைந்தால் வழுக்கும்; அவற்றின்மீது திரும்பவோ பிரேக் போடவோ கூடாது.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும். காலையில் உங்களுக்கு எதிர்க்காற்று, மாலையில் அதுவே முதுகைத் தள்ளிக்கொண்டு வீட்டில் விட்டுவிடும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். களைத்த மாலையில் எதிர்க்காற்று வந்தால் சலிப்படையாமல் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி:

அனைவருக்கும் நன்றி. நண்பர் ஒருவரின் ஹைபிரிட் வண்டியை இரவல் வாங்கி, சீட்டை உயர்த்திக்கொண்டு, இன்று ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் புறப்பட்டேன். பெருங்குடியில் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்ததையும் சேர்த்து 64 நிமிடம் ஆயிற்று. முழங்கால் வலிக்கவில்லை, உட்காருமிடம்தான் வலிக்கிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும், விளக்குகளோடு, மழை நாள்கள் தவிர்த்து என்று மனைவியிடம் பேசி முடித்திருக்கிறேன்.

அலுவலக வாசலில் காலைப்பயணி சொன்னதுபோல் தடுப்பார்கள் என்று அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். காவலாளி சிரித்துக்கொண்டே தமது அறைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையைக் காட்டி, “சார், என் வண்டிக்குப் பக்கத்தில் பூட்டிவிடுங்கள், மழை படாது” என்றார். நான்கு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன், அப்படி ஒரு கொட்டகை இருப்பது இன்றுதான் தெரியும். அங்கே ஏற்கெனவே பதினொரு சைக்கிள்கள் நின்றன.