மறு: பட்டிங், பட்டர் – வீட்டுப் பயிற்சிக் குறிப்புக்குக் கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைத் தரையோடு குழியை நோக்கி அனுப்பும் அடி பட்டிங், அதற்கான கோல் பட்டர். வீட்டில் பழகுவோருக்கு நான் எழுதும் குறிப்பில் இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

> பட்டிங் என்பதற்குக் "குழியடி" என்றே வைத்துவிடலாமே. ஆட்டத்தின் பெயரே குழிப்பந்தாட்டம்தானே?

முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. குறிப்பை எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. நான் எழுதுவது ஓர் அறைக்குள், கிடைத்த இடத்தில் பழகுவோருக்கு. அங்கே குழி ஏது? தரைவிரிப்பு, சுவர், கட்டில் கால், அவ்வளவுதான். குழியே இல்லாமல் குழியடி பழகச் சொன்னால் படிப்பவர் சிரிப்பார். அப்புறம், தூரத்திலிருந்து பறக்க அடித்த பந்து நேரே குழிக்குள் விழுந்தால் அதையும் குழியடி என்றுதானே சொல்வோம்? அது பட்டிங் ஆகாதே.

> "தள்ளல்" எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் ஆட்ட விதிக்கு நேர் எதிர். விதி 10.1 பந்தை அடிக்கத்தான் சொல்கிறது. கோலின் தலை ஒரு கணம்தான் பந்தைத் தொடலாம். தள்ளுவது, இழுப்பது, கோலால் அள்ளுவது எல்லாம் தவறு. தண்டனைக்குரிய செயலையே கலைச்சொல்லாக வைக்க வேண்டாம்.

என் பரிந்துரை: பட்டிங் – உருட்டடி. பட்டர் – உருட்டுகோல். "பட்டர்" என்று தமிழில் எழுதினாலே வெண்ணெய் ஆகிவிடுகிறது, அதற்காகவாவது ஒரு சொல் வேண்டும்.

சொல்லைச் சோதிக்க, குறிப்பிலிருந்து ஒரு பத்தி:

"குழியின் விட்டம் 108 மி.மீ. மெதுவாக வரும் பந்தின் நடு, குழியின் மையத்திலிருந்து இருபுறமும் 54 மி.மீ.க்குள் வந்தால் பந்து விழும். 3 மீட்டர் தள்ளி இருக்கும் குழிக்கு நேர் உருட்டடி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி மீட்டரில், அதாவது ஆறில் ஒரு பங்குத் தூரத்தில், பந்து 9 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கக் கூடாது. பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. ஆகவே அரை மீட்டர் முன்னால் இரண்டு புத்தகங்களை 61 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்த வாசலில் உரசாமல் நுழையும் பந்து, சமதரையில் 3 மீட்டர் குழியையும் சேரும் திசையில்தான் போகிறது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, பந்தைத் தொடும் கணத்தில் உருட்டுகோலின் முகம் பார்க்கும் திசை. அதைப் பழக இவ்வளவு இடம் போதும்."

இந்தப் பத்தியில் எங்காவது "குழியடி" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், அரை மீட்டர் வாசலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

---

ஐயா, கணக்கு நன்றாக இருக்கிறது. சொல்லில் எனக்கு மூன்று தயக்கம். ஒன்று, இப்போது "உருட்டு" என்றாலே வாய்க்கு வந்ததைச் சொல்வது என்றாகிவிட்டது. "வீட்டில் தினமும் அரை மணி நேரம் உருட்டுங்கள்" என்று எழுதினால் என்ன நினைப்பார்கள்? இரண்டு, "உருட்டுகோல்" கேட்டதும் உருட்டுக்கட்டைதான் நினைவுக்கு வருகிறது. மூன்று, அடித்தவுடன் பந்து உருள்வதில்லை. முதலில் சிறிது தூரம் சறுக்கிவிட்டுத்தான் உருள ஆரம்பிக்கும்.

---

மூன்றாவதுதான் சரியான கேள்வி. சறுக்கல் உண்மைதான்; பந்து தரையில் சற்றே அமிழ்ந்திருப்பதால் அதைக் கிளப்பிவிட உருட்டுகோலின் முகத்துக்கே 3, 4 பாகை சாய்வு கொடுத்திருப்பார்கள். ஆனால் சறுக்குவது வழியில் சிறு பகுதி. மீதி வழியெல்லாம் உருளல். பெரும்பகுதியை வைத்துப் பெயரிடுவதில் தவறில்லை.

உருட்டுக்கட்டையில் "உருட்டு" என்பது உருண்டை வடிவம், அதனால் வல்லினம் மிகுகிறது. இங்கே அது வினைத்தொகை: ஊன்றுகோல், எழுதுகோல் போல உருட்டுகோல், க் மிகாது. அந்த ஒற்றை மட்டும் யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்! பேச்சு வழக்கு உருட்டுக்கு என்னிடம் மருந்தில்லை. "அடி" சேர்ந்தால் குழப்பம் குறையும் என்று நம்புகிறேன். "உருட்டுங்கள்" என்று வினையாக எழுதாமல் "உருட்டடி பழகுங்கள்" என்று எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று பாக்கி. குழியைச் சுற்றியுள்ள புல்தரையின் "வேகம்" என்கிறார்கள். தரை எங்கே ஓடுகிறது? எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் அமைத்த கருவியே அளப்பது தூரத்தைத்தான்: நீளப் பள்ளம் உள்ள சட்டத்தைச் சாய்த்து, அதில் பந்தை உருளவிட்டு, சமதரையில் அது எத்தனை அடி உருண்டு நிற்கிறது என்று பார்ப்பது. எனவே "உருள்தொலைவு". வீட்டிலும் இது உதவும். மடித்த அட்டையைச் சாய்த்து, எப்போதும் ஒரே உயரத்திலிருந்து பந்தை விட்டால் தரைவிரிப்பையும் வெறுந்தரையையும் ஒப்பிடலாம். வெறுந்தரையில் பழகிய கை விரிப்பில் ஏன் குறைவாக அடிக்கிறது என்பதும் புரிந்துவிடும். நீண்ட உருட்டடிக்கான கை அளவை மட்டும் அறைக்குள் முழுதாகப் பழக முடியாது. சுவரைத் தொடாமல் அதற்கு ஒரு சாண் முன்னால் பந்தை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவே.

புத்தக இடைவெளிக்கு "வாசல்" போதுமா, "வாயில்" என்று எழுத வேண்டுமா? நான் வாசல் பக்கம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்குள் சொல்லுங்கள், குறிப்பை முடித்துவிடுகிறேன்.