மின்சுற்றுப் பாடம்: 40 பிள்ளைகள், 20 டேப்லெட், திணறும் வைஃபை

கேள்வி – அறிவியல் ஆசிரியை
எட்டாம் வகுப்பில் 40 பேர், 20 டேப்லெட். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோவைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இணைய வேகம் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்). வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா? லாகினுக்கே பத்து நிமிடம் போகிறது.

பதில் – வலையமைப்பாளர்
கூட்டும் முன் ஒரு கணக்கு, டீச்சர். ஹெச்டி வீடியோ ஒன்றுக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ். 20 டேப்லெட்டுக்கு 100. தரத்தை 480பி-க்கு இறக்கினால் ஒன்றுக்கு 1.5 வரைதான், 50-க்குள் அடங்கிவிடும். முந்தின நாளே வீடியோவை டவுன்லோட் செய்து வைத்தால் அதுவும் வேண்டாம். அடுத்து ரூட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (அலைத் தடங்கள்) 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வகுப்பு ரூட்டரும் அதே சேனல் என்றால் இரண்டும் மாறி மாறிக் காத்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர் தாண்டினால் அது வலுவிழக்கும், ஆகவே ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். பாட நேரத்தில் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்திவிடுங்கள்.

பதில் – இயற்பியல் ஆசிரியர்
இந்தப் பாடத்துக்கு வீடியோவே வேண்டாம் என்பேன். கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் மின்சுற்று சிமுலேஷனை (திரையிலேயே சுற்றைக் கட்டிப் பார்ப்பது) எடுங்கள். லாகின் கிடையாது, கோப்பாக டவுன்லோட் செய்து இணையம் இல்லாமலும் ஓட்டலாம். சில டேப்லெட்களில் அந்தக் கோப்பு திறக்காது, முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

இருவருக்கு ஒரு டேப்லெட், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். தொடுவதற்கு முன் நோட்டில் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள்: தொடரில் இரண்டு பல்பு, முதல் பல்பைத் தாண்டிய பின் மின்னோட்டம் குறையுமா? பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்றே பலர் எழுதுவார்கள். அம்மீட்டரை இருபுறமும் வைத்து ஒரே அளவைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த எண்ணம் கரையும். ஊகம் எழுதாத பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டாகப் போய்விடும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் உண்மையான பேட்டரி செல்லும் பல்பும் கட்டாயம் வேண்டும். சிமுலேஷன் பேட்டரிக்கு அக மின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) பூஜ்யம் என்று வைத்திருப்பதால், பக்க இணைப்பில் எத்தனை பல்பு சேர்த்தாலும் ஒளி மங்காது. உண்மைச் செல்லில் மங்கும். திரையை மட்டும் பார்த்தவர்கள் அங்கே குழம்புவார்கள்.

கேள்வி – அறிவியல் ஆசிரியை
நன்றி சார். சார்ஜ் செய்வதை எப்படிச் சமாளிப்பது?

பதில் – வலையமைப்பாளர்
ஒன்றுக்கு 10 வாட் வைத்தாலும் மொத்தம் 200 வாட். மூடிய அலமாரியில் சூடு தங்கி பேட்டரி சீக்கிரம் கெடும். இடைவெளி விட்டு நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, ஆள் இருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். டேப்லெட்டிலும் கேபிளிலும் ஒரே எண்ணை ஒட்டிவிட்டால் எது சார்ஜ் ஏறவில்லை என்று உடனே தெரியும்.