பதில்: எக்ஸ்ட்ரபொலேஷன் – புறச்செருகலா, தாண்டுகணிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

> ஒன்பதாம் வகுப்புக்கு கிரிக்கெட் ஸ்கோரை வைத்து வரைபடப் பாடம் எழுதுகிறேன். கோட்டை நீட்டி அடுத்த ஓவர்களைக் கணிப்பதற்கு, அதாவது எக்ஸ்ட்ரபொலேஷனுக்கு, வணிகக் கணிதப் புத்தகத்தில் 'புறச்செருகல்' என்று இருக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம் டீச்சர். செருக வேண்டுமென்றால் இரண்டுக்கு நடுவே இடம் இருக்க வேண்டும். தரவு முடிந்த பிறகு வெட்டவெளிதான். அங்கே எதற்குள் எதைச் செருகுவது? தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கணிப்பதற்கு (இன்டர்பொலேஷன்) வைத்த இடைச்செருகல் என்ற பெயருக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று செய்த சொல்லாகத்தான் தெரிகிறது. அந்த இடைச்செருகலே வகுப்புக்கு ஒத்துவரவில்லை. கம்பன் பாட்டுக்குள் பிற்காலத்தவர் எழுதி நுழைத்த செய்யுளைத் தமிழாசிரியர் இடைச்செருகல் என்கிறார். கேட்டதும் 'போலி' என்ற எண்ணம்தான் வரும். அடுத்த பீரியடில் அதையே ஒரு நல்ல கணக்கு முறைக்குப் பெயராகச் சொன்னால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

இந்தச் சொல் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை உங்கள் பாடத்தை வைத்தே பார்த்துவிடலாம். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வான்கடேயில் இலங்கை முதலில் ஆடியது. 40 ஓவரில் 183, 45 ஓவரில் 211. கிடை அச்சில் ஓவர், செங்குத்து அச்சில் மொத்த ரன். டிவியில் 'வோர்ம்' என்று வளைந்து வளைந்து ஏறுமே, அதே படம்தான்.

பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது: 43-ஆவது ஓவர் முடிவில் ஏறத்தாழ எத்தனை ரன்? இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் 200-ஐ ஒட்டி வருகிறது. உண்மையான எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் 183-க்குக் கீழேயோ 211-க்கு மேலேயோ போக வழியே இல்லை. இரண்டாவது: 50 ஓவர் முடிவில் எத்தனை? 211-ஐ 45-ஆல் வகுத்தால் ஓவருக்கு 4.69, 50 ஓவருக்கு 234. இலங்கை எடுத்ததோ 274. அதற்கு முந்தைய ஐந்து ஓவரில் வந்தது 28 ரன், கடைசி ஐந்து ஓவரில் 63. மஹேல ஜெயவர்த்தன நிலைத்து நின்று ஆடிக்கொண்டிருந்தார், பேட்டிங் பவர்பிளேயை (வெளிவட்டத்தில் ஃபீல்டர்கள் குறைவாக நிற்கும் ஐந்து ஓவர்) கடைசிக்கு வைத்திருந்தார்கள், கையில் இன்னும் ஐந்து விக்கெட் இருந்தது. கோட்டுக்கு இதில் எதுவும் தெரியாது.

முதல் கேள்வியில் தரவின் எல்லைக்குள் நிற்கிறோம், இரண்டாவதில் எல்லையைத் தாண்டிவிட்டோம். சொல்லைக் கேட்டதுமே இந்த வித்தியாசம் மாணவருக்குத் தெரிய வேண்டும். அதனால் என் பரிந்துரை: இடைக்கணிப்பு, தாண்டுகணிப்பு. எல்லைக்குத் 'தரவெல்லை'.

> இடைக்கணிப்பு சரி. அதற்கு எதிராகப் புறக்கணிப்பு என்றுதானே வரும்?

அமைப்பு அப்படித்தான் வரும். ஆனால் அந்தச் சொல்லை நாளேடும் தெருவும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன: தேர்தல் புறக்கணிப்பு, கூட்டத்தொடர் புறக்கணிப்பு. போதாததற்கு, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும் புள்ளியைக் கணக்கில் சேர்ப்பதா புறக்கணிப்பதா என்பது இதே பாடத்தில் தனியாக எழும் கேள்வி. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் தொலைந்தோம்.

> முன்கணிப்பு என்று பழகிய சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

முன்கணிப்பு பொதுச்சொல், அது அப்படியே இருக்கட்டும். தாண்டுகணிப்பு எப்போதும் முன்னால் போவதில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டம் 1928-ல்தான் தொடங்கியது. கோட்டைப் பின்னோக்கி இழுத்து '1900-ல் ஓடியிருந்தால் எத்தனை வினாடி ஆகியிருக்கும்' என்று கேட்டால் அதுவும் எல்லை தாண்டியதுதான். அதில் 'முன்' எங்கே இருக்கிறது? இன்னொன்று: போரால் 1940, 1944 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1936-ல் வென்றவரின் நேரம் 11.5, 1948-ல் 11.9. இடையில் கோடு போட்டால் 1940-க்கு 11.63 வருகிறது. இது இடைக்கணிப்பு. நடக்காத ஓட்டத்துக்கு நேரம் சொல்கிறோம், அதற்கும் 'முன்' பொருந்தாது.

> நீள்கணிப்பு எப்படி? நீள்வட்டம் போல.

ஓசை அழகுதான். ஆனால் கேட்பவர் நீண்டகாலக் கணிப்பு என்று எடுத்துக்கொள்வார். 45 ஓவர் தெரிந்த பிறகு 46-ஆவதைச் சொன்னாலும் எல்லை தாண்டியாகிவிட்டது. தூரம் இதில் முக்கியமில்லை. 'தாண்டு' என்பதை நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் என்று திடலிலேயே பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, ஒற்று மிகாது. 'க்' உண்டா இல்லையா என்று தடுமாற வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வினையாகவும் புழங்கும்: 'தரவைத் தாண்டிக் கணி', 'நீ தாண்டிக் கணிக்கிறாய்'. வினையாக வளையாத கலைச்சொல்லை எத்தனை அகராதியில் ஏற்றினாலும் ஆசிரியர் வாயில் ஆங்கிலம்தான் வரும்.

> தாண்டுதல் என்றாலே வரம்பு மீறல், தப்பு என்று தொனிக்கிறதே?

தொனிப்பு கொஞ்சம் இருக்கிறது. எனக்கு அது வேண்டியதாகவே படுகிறது. ஆனால் தப்பு என்ற பொருள் இல்லை. 1997-ல் புழக்கத்துக்கு வந்த டக்வொர்த்–லூயிஸ் முறையை (இப்போது டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன்) பாருங்கள். மழையால் ஆட்டம் நின்றால், ஆடாத ஓவர்களில் என்ன எடுத்திருப்பார்கள் என்று அது கணிக்கிறது. அதுவும் தாண்டுகணிப்பே. மிச்ச ஓவரை மட்டும் பார்க்காமல் கையில் உள்ள விக்கெட்டையும் சேர்த்துக்கொள்கிறது. நேர்கோட்டுக்குத் தெரியாததை அதன் வளைவு கொஞ்சம் தெரிந்து வைத்திருக்கிறது. ஆக, எதை நம்பித் தாண்டுகிறோம் என்பதை வகுப்பில் பேசலாம், தாண்டவே கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்மூடித் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. 2004-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. ஒலிம்பிக் 100 மீட்டரில் வென்ற நேரங்களுக்கு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என நேர்கோடு பொருத்தி நீட்டினார்கள். பெண்களின் கோடு சரிவு அதிகம். 2156-ல் பெண்கள் 8.079, ஆண்கள் 8.098, பெண்கள் முந்திவிடுவார்கள் என்றார்கள். அதே கோட்டை இன்னும் நீட்டினால் 2636 வாக்கில் பெண்கள் பூஜ்ய வினாடியில் ஓடி முடிப்பார்கள் என்று அந்த இதழுக்கே மறுப்புக் கடிதம் போனது.

இதை அப்படியே பயிற்சியாகக் கொடுக்கலாம் டீச்சர். 2156-ல் 8.079, 2636-ல் 0: இந்த இரண்டு புள்ளியை வைத்துச் சாய்வைக் கண்டுபிடிக்கட்டும்; ஆண்டுக்கு 0.0168 வினாடி குறைகிறது. அங்கிருந்து 2024-க்குத் திரும்பி வந்தால் 10.30. பாரிஸில் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் வென்ற நேரம் 10.72. பெண்களின் உலக சாதனையே 10.49தான், அதுவும் 1988-லிருந்து அசையவில்லை. கோடு சொன்னதற்கும் காலால் ஓடியதற்கும் இடையே உள்ள இந்த 0.42 வினாடியை மாணவர் தன் கையால் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இலங்கை நண்பர்களுக்கு: நாங்கள் வரைபடம், சாய்வு என்பதை நீங்கள் வரைபு, படித்திறன் என்கிறீர்கள். பழகியதை மாற்றச் சொல்லவில்லை. மேப்புக்கும் கிராஃபுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள்தான் திண்டாடுகிறோம். வரைபு தெளிவான சொல். புதிதாகச் செய்யும் இந்த இரண்டையாவது ஆரம்பத்திலிருந்தே இரு கரைக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமே. உங்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்து எங்கே நாக்கு தடுக்குகிறது என்று எழுதுங்கள்.

டீச்சர், பாடத்தில் கேள்வியை இப்படிப் போட்டுப் பாருங்கள்: 'கீழே 5, 10, 15, 20 ஓவர் முடிவில் இருந்த ஸ்கோர் தரப்பட்டுள்ளது. தரவெல்லை எது? 12-ஆவது ஓவருக்கு இடைக்கணிப்பு செய்க. 30-ஆவது ஓவருக்குத் தாண்டிக் கணித்து, எதை நம்பித் தாண்டினாய் என்று ஒரு வரி எழுதுக.' அந்த ஒரு வரிக்கும் மதிப்பெண் வையுங்கள்.

அன்புடன்.