பூச்சாண்டிக்குப் பயந்து உறங்க மறுக்கும் மகள்: ஆலோசனை தேவை

வணக்கம். நான்கு வயதான என் மகள் மூன்று வாரங்களாக, விளக்கை அணைத்தவுடன் பீரோவுக்குப் பின்னால் பூச்சாண்டி நிற்பதாகச் சொல்லி அழுகிறாள். சோறு ஊட்டும்போது, "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று அவளுடைய பாட்டி சொல்லி வந்ததே இதற்குத் தொடக்கம் என நினைக்கிறேன். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று, அவசரத்தில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன்.

இந்த வயதில் கற்பனையையும் உண்மையையும் பிரித்தறிவது கடினம் என்பதால் இத்தகைய அச்சம் இயல்பானதே என்பதை அறிவேன். உறங்கிய ஓரிரு மணி நேரத்தில் அலறி எழுந்து, பெற்றோரையே அடையாளம் காணாமல் தவித்து, காலையில் எதுவும் நினைவில்லாதிருக்கும் இரவுத் திகில் இதுவன்று. இவள் முழு விழிப்பில் பயப்படுகிறாள், காலையில் பூச்சாண்டியின் மீசையைக்கூட விவரிக்கிறாள்.

இரவு விளக்கு ஒன்று வைத்தோம்; அதன் வெளிச்சத்தில் கொடியில் தொங்கிய துணிகளின் நிழல் சுவரில் விழுந்து நிலைமையை மேலும் மோசமாக்கியது. தெளிப்பான் புட்டியில் தண்ணீர் நிரப்பி, 'பூச்சாண்டி மருந்து' என்று சொல்லி மூலைகளில் தெளிக்குமாறு தோழி ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் பூச்சாண்டி இருப்பதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

இதைச் செய்து பார்த்தவர்கள், பலன் நீடித்ததா என்று சொல்லுங்கள். அவள் உறங்கும்வரை அருகில் அமர்ந்து, நாள்தோறும் நாற்காலியைச் சிறிது சிறிதாக வாசல் பக்கம் நகர்த்தும் முறை யாருக்கேனும் கைகொடுத்ததா? பாட்டியின் மனம் நோகாமல் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்வதற்கும் வழி கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.